மைக் இல்லாத ஹெட்போன்

லெவின் வச்சிருக்கிற அதே ஹெட்போன் இப்ப என் கையில இருக்கு. கருப்பு, காதுக்கு ரெண்டு பக்கமும் மெத்து மெத்துன்னு பஞ்சு, இடது பக்கத்துல இருந்து வாய்க்கு நேரா நீட்டிக்கிட்டு ஒரு மைக். பாத்தா சாதாரணமாத்தான் இருக்கு. சனிக்கிழமை மத்தியானம் ரிச்சி ஸ்ட்ரீட் பூரா இந்த மாதிரி எத்தனையோ தொங்குது, ஆனா இதை மட்டும் கையில வாங்கின உடனே எனக்கு எரிச்சல் எரிச்சலா வருது, ஏன்னா இதே மாதிரி ஒண்ணு ஓசூர்ல ஒருத்தன் தலையில இருக்கு, அவன் காதுக்குள்ள தினமும் சாயங்காலம் என் பொண்டாட்டி பேசறா. கேமுக்கா சார், பாட்டுக்கான்னு கடைக்காரம்மா கேக்கறாங்க. ரெண்டுக்கும்ங்க. பையனுக்கா? இல்லீங்க, வொய்ஃபுக்கு. அந்தம்மா புருவத்தை ஒரு தடவை தூக்கி இறக்கினாங்க. இதுல என்ன இருக்கு, பொம்பளைங்க கேம் ஆடக் கூடாதா, ஆடட்டும், நல்லா ஆடட்டும், அந்தக் கம்ப்யூட்டரையே நான்தான் பார்ட் பார்ட்டா வாங்கி மாட்டிக் குடுத்தேன், கிராஃபிக்ஸ் கார்டுக்காக இதே தெருவுல வெயில்ல அலைஞ்சேன். என்னை யாரும் பிற்போக்குன்னு சொல்லிட முடியாது. எனக்கு இருக்கறது அது இல்ல. எனக்கு இருக்கறது பொறாமை. சுத்தமான பொறாமை, வயிறு எரியுது, அவ்வளவுதான். காலையில நான் ஷூ மாட்டிக்கிட்டிருக்கும்போது சுகிர்தா வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் அனுப்பினா. நான் ஹால்ல, அவ கிச்சன்ல. நடுவுல ஒரு சுவரு. லெவின் இதுதான் யூஸ் பண்றானாம், சூப்பரா இருக்காம், ஆனா நீ பாத்துட்டு எது நல்லதோ எடு, உனக்குத்தான் தெரியும். இந்த ஆனாவுக்கு என்ன அர்த்தம்னு வேளச்சேரியில இருந்து யோசிச்சுக்கிட்டு வரேன். எனக்குத்தான் தெரியும்னா அவன் லிங்க் எதுக்கு. அவன் லிங்க்தான் வேணும்னா எனக்குத்தான் தெரியும்னு ஐஸ் வைக்கறது எதுக்கு.

எங்க வீட்டுல எதையும் பாத்து வாங்கறது நான்தான். மிக்ஸி, ஃபேன், கேஸ் அடுப்பு, அவ அம்மாவுக்கு பி.பி. பாக்கற மெஷின் எல்லாமே. பத்து ரிவ்யூ படிச்சு, பத்து வீடியோ பாத்து, கடைசியில யாரும் கேள்விப்படாத ஒரு மாடலை எடுத்துக்கிட்டு வருவேன், அது உழைக்கும், அவளும் ஆமாப்பா நீ சொன்னா சரிதாம்பான்னு ஒத்துக்குவா. ஹெட்போனுக்கும் அப்படித்தான் படிச்சேன். ப்ளூடூத் கூடாது, குண்டு வெடிச்சு அரை நொடி கழிச்சுத்தான் சத்தம் காதுக்கு வரும், அதுக்குள்ள ஆள் காலி. ஒயர் மாடல்தான் சரி. பாஸ் திம்முதிம்முன்னு இருக்கற மாடல் கூடாது, எதிராளி நடந்து வர காலடிச் சத்தம் அதுல அமுங்கிடும். கலர் கலரா லைட் எரியறது எல்லாம் ஏமாத்து வேலை. இதெல்லாம் எனக்குத் தெரியும். லெவினுக்கு என்ன தெரியும், எவனோ வாங்கினான், இவனும் வாங்கினான். நாலு பேர் சேர்ந்து ஆடற கேம் அது. சுகிர்தா, லெவின், இன்னும் ரெண்டு காலேஜ் பசங்க. அந்தப் பசங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல, அவனுங்க அக்கா அக்கான்னு கூப்பிடறானுங்களாம். லெவின் அக்கான்னு கூப்பிட மாட்டான். சுகின்னு கூப்பிடறானாம். சுகின்னு நான் கூப்பிடறேன், அவ அப்பா கூப்பிடறாரு, அதோட நிறுத்திக்கக் கூடாதா. அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கலாம்னு ஒரு நாள் அவன் டிபியைப் பெருசு பண்ணிப் பாத்தேன். பைக் மேல ஹெல்மெட் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். ஹெல்மெட்டுக்குள்ள யாரு வேணாலும் இருக்கலாம்.

கடைக்காரம்மா ஒரு துணியால அந்தப் பஞ்சைத் தொடச்சுட்டு, மாட்டிப் பாருங்க சார்ங்கறாங்க. மாட்டினேன். உள்ள போன மாதிரி ஆயிடுச்சு. தெரு சத்தம், பக்கத்துக் கடையில எவனோ டெம்பர் கிளாஸ் டெம்பர் கிளாஸ்னு கத்தறது எல்லாம் தள்ளிப் போச்சு. ஓ, இப்படித்தான் இருக்குமா அவனுக்கு. இப்படி ஒரு இருட்டு ரூமுக்குள்ள உக்காந்த மாதிரி, அங்க அவ குரல் மட்டும். எனக்கு வீட்டுல அவ குரல் எப்படிக் கேக்குது தெரியுமா. குக்கர் விசிலுக்கு நடுவுல கேக்குது. பாத்ரூம் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து துண்டு எடுன்னு கேக்குது. பால் பாக்கெட், மோட்டர் போட்டியா, சிலிண்டர் புக் பண்ணு. கல்யாணம் நிச்சயமானப்புறம் ஃபோன் சூடாகி கன்னம் சுடற வரைக்கும் பேசினவதான் இவ, பேச்சே தீராது, ஆபீஸ்ல ஒருத்தி டிபன் பாக்ஸ் மாறின கதையை அரை மணி நேரம் சொல்லுவா. அந்தப் பேச்சு எங்க போச்சுன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, எங்கேயும் போகல, பத்திரமாத்தான் இருக்கு, சாயங்காலம் ஆனா மைக்குக்குள்ள போகுது.

ஒரு நாள் நான் தோசை ஊத்திக்கிட்டிருந்தேன். ரூம்ல இருந்து, ஐயோ விழுந்துட்டேன், சீக்கிரம் வா, வந்து தூக்கு, தூக்குடான்னு கத்தறா. கரண்டியைப் போட்டுட்டு ஓடினேன். நாற்காலி வழுக்கிடுச்சோ, இடுப்பு கிடுப்பு பிடிச்சுக்கிச்சோ. போனா நல்லா சம்மணம் போட்டு உக்காந்திருக்கா. ஸ்கிரீன்ல ஒரு பொம்மை தரையில ஊர்ந்துக்கிட்டிருக்கு, இன்னொரு பொம்மை ஓடி வந்து அதைத் தூக்குது. என்னைத் திரும்பிக் கூடப் பாக்காம, ஐயோ நீ இல்லப்பான்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நானும் சிரிச்சேன். திரும்பி வந்து பாத்தா தோசை கருகிப் போச்சு. அந்தக் கேம்ல அப்படித்தானாம், அடிபட்டு விழுந்தா கூட்டாளி வந்து தூக்கணும், தூக்கினா உயிர் வரும். ஜெயிச்சாச்சு ஜெயிச்சாச்சுன்னு வந்து சாப்பிட உக்காந்தப்ப, லெவின் மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நான் செத்திருப்பேன்பான்னா. உயிர் குடுத்தான்பான்னா. தட்டுல கருகாத தோசையாப் பாத்து அவளுக்குப் போட்டுக்கிட்டிருந்தவன் நான். நீ இல்லப்பா. அவ அதைச் சாதாரணமாத்தான் சொன்னா, எனக்குத் தெரியும், ஆனா எனக்கு அது பல்லுல நார் மாட்டின மாதிரி அப்படியே நிக்குது. பஸ்ல போகும்போது நீ இல்லப்பா. ஆபீஸ்ல லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது நீ இல்லப்பா. சரி நான் இல்ல, அப்ப யாரு.

எப்படி சார் இருக்குன்னு கடைக்காரம்மா வாய் அசையுது. ஒரு காதை விலக்கி, ம், பாட்டு போடுங்கன்னேன். எதுல குறை கண்டுபிடிக்கலாம்னு பாக்கறேன். அழுத்துதான்னு பாத்தேன், அழுத்தல. வேர்க்குமான்னு பாத்தேன், துணி வச்சு தச்சிருக்கான், வேர்க்காது. எடை இல்ல. ஒயர் தடி. காலடிச் சத்தம் போட்டுக் காட்டச் சொன்னேன், வலது பக்கம் பின்னாடி ஒருத்தன் படியேறி வரது சுத்தமாக் கேக்குது, திரும்பியே பாத்துட்டேன். ரெண்டாயிரத்துக்குள்ள இதை விட நல்ல கேமிங் ஹெட்செட் கிடையாது, எனக்கே தெரியுது, அந்தக் கடுப்பு வேற. அவன் எதையோ குருட்டாம்போக்குல வாங்கியிருந்தா பரவாயில்ல. பாத்து வாங்கியிருக்கான். என்னை மாதிரியே உக்காந்து படிச்சு, என்னை மாதிரியே வேணாம் வேணாம்னு ஒவ்வொண்ணாத் தள்ளி, இதுல வந்து நின்னிருக்கான். அந்த இடமும் போச்சா. இதை வாங்கிட்டுப் போனா என்ன ஆகும், அவன் தலையில ஒண்ணு, இவ தலையில ஒண்ணு, கோயில் திருவிழாவுக்கு ஜோடியா ஒரே கலர்ல துணி எடுத்த மாதிரி. அதுக்கு நான் போய் காசு குடுத்து, கவர்ல போட்டு, ரயில்ல மடியில வச்சுத் தூக்கிட்டு வரணும். வேற காட்டுங்கன்னேன். ஏன் சார், இது நல்லாருக்கே. நல்லாத்தாங்க இருக்கு, வேற காட்டுங்க.

மக்கா. அந்த வார்த்தையைப் பத்திச் சொல்லலேன்னா நான் ஏன் இப்படி நிக்கிறேன்னு யாருக்கும் புரியாது. ஆரம்பத்துல இருந்தே அவ மைக்ல மக்கா மக்கான்னு சொல்லிக்கிட்டிருப்பா. பின்னாடி பாரு மக்கா. அங்க போகாத மக்கா. நான் செங்கல்பட்டுக்காரன், எங்க ஊர்ல மக்குன்னா மக்கு, அடி முட்டாள்னு அர்த்தம். நீ என்ன மக்கான்னு இவ அவனைக் கேக்கறான்னு நினைச்சுக்கிட்டேன். ரொம்ப நாள் எனக்கு அதுல ஒரு தனி சந்தோஷம். ஆஹா, பாவம், அந்த லெவின் ஒண்ணும் தெரியாத ஆளு போல இருக்கு, மூச்சுக்கு மூச்சு திட்டு வாங்கறான். ஒரு நாள் அவகிட்டயே சொன்னேன், ஏன் சுகி அவனைப் போட்டு இப்படித் திட்டற, பாவம்ல. அவ புரியாமப் பாத்துட்டு, யாரு திட்டினான்னு எழுந்து போயிட்டா. அப்புறம் எங்க ஆபீஸ்ல தக்கலைக்காரரு ஜெபசிங்னு ஒருத்தர் புதுசா வந்தாரு. மத்தியானம் சாப்பிடும்போது அவர் பொண்ணுகிட்ட இருந்து ஃபோன் வந்துது. மனுஷன் குரலே மாறிப் போச்சு, சாப்பிட்டியா மக்கா, அழாத மக்கா, அப்பா வந்துருவேன் மக்கா. சாம்பார் சாதத்தை அப்படியே வச்சுட்டுக் கேட்டேன். சார், மக்கான்னா என்ன சார்? அது எங்க ஊர்ல பாசமாக் கூப்பிடுறது சார், பிள்ளைகளைக் கூப்பிடுவோம், கூட்டாளியைக் கூப்பிடுவோம், மனசுக்குப் பிடிச்ச யாரை வேணாலும் கூப்பிடுவோம். லெவின் இருக்கறது ஓசூர்ன்னாலும் சொந்த ஊரு அதே நாகர்கோவில் பக்கம். அவன் வாய் வார்த்தை இவ வாய்க்கு வந்திருக்கு. எனக்குத் தெரியாம வந்து, எங்க வீட்டுல குடியிருந்து, நான் அதுக்குக் காவல் வேற இருந்திருக்கேன். போன மாசம் சமையக்கட்டுல என்னையே, அந்த உப்பு டப்பாவை எடு மக்கான்னா. எடுத்துக் குடுத்தேன். அவகிட்ட என்ன சொல்றது, அந்த வார்த்தையால என்னைக் கூப்பிடாதன்னா, ஏன்னு கேப்பா.

பத்து நாள் முன்னாடி பழைய ஹெட்செட்டோட மைக் செத்துப் போச்சு. நான் ஒண்ணும் பண்ணல, தானாத்தான் போச்சு. டெஸ்க்டாப்புல வேற மைக் கிடையாது. ஃபோனைப் பக்கத்துல வச்சுப் பேசிப் பாத்தா, எங்க வீட்டு ஃபேன் சத்தமும் கீழ் வீட்டு சீரியலும் அதுல போய், காது வலிக்குதுன்னு டீம்ல எல்லாரும் சண்டைக்கு வந்துட்டாங்க. அதனால அவங்க பேசறது இவளுக்குக் கேக்கும், இவ பேச முடியாது. அப்பத்தான் அந்த அதிசயம் நடந்துது. பேசாம இருக்க அவளால முடியல. யாருகிட்டயாவது சொல்லணும்ல, நான்தானே இருக்கேன். ஏம்ப்பா இங்க வாயேன், இவன் எங்க போறான் பாரேன், லூசாப்பா இவன்? நான் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். பழைய ஹெட்செட்டுல பஞ்செல்லாம் உதிர்ந்து வெறும் ஓடுதான் மிச்சம், நான் பேசறதும் அவளுக்குக் கேக்கும். தினமும் உக்காந்தேன். அவ சுடுவா, ஓடுவா, விழுவா, எல்லாத்தையும் என்கிட்ட சொல்லுவா. நடுவுல கேம் எப்படியோ நழுவிப் போய், அவ ஆபீஸ் மேனேஜர் லீவு குடுக்காத கதை, அவ சித்தி பொண்ணு வளைகாப்புல நடந்த சண்டை எல்லாம் வந்துது. கன்னம் சுடற வரைக்கும் பேசினாளே, அவளேதான். நான் நடுவுல ம் கொட்டினா போதும். நேத்து அவ மேல சாஞ்சுக்கிட்டே மக்கா ஒரு ரவுண்டு ஜெயிச்சுக் காட்டேன்னு நானே சொன்னேன். சும்மா விளையாட்டுக்கு. அவ சிரிச்சா. பத்து நாள் நான் லெவின் மாதிரி இருந்தேன். இப்ப நானே போய் ஒரு மைக்கை வாங்கிக் குடுத்து அதை முடிச்சு வைக்கணும்.

மைக்கை டெஸ்ட் பண்ணிடலாம் சார்னு கடைக்காரம்மா லெவின் மாடலையே மறுபடியும் கம்ப்யூட்டர்ல சொருகிட்டாங்க. வேணாம்னு சொல்றதுக்குள்ள பட்டனை அமுக்கிட்டாங்க. பேசுங்க சார். என்ன பேசறது? எதுனா பேசுங்க, ஒன் டூ த்ரீ சொல்லுங்க. எனக்குப் பின்னாடி ரெண்டு பேர் நிக்கிறாங்க, ஒருத்தன் சார்ஜரை வச்சுக்கிட்டு அவசரப்படறான். எனக்கு ஒன் டூ த்ரீ வரல. வாயைத் திறந்தேன், என்ன மக்கா பண்றன்னு வந்துது. அந்தம்மா ரெக்கார்டை ஸ்பீக்கர்ல போட்டுட்டாங்க. கடை பூரா என் குரல், என்ன மக்கா பண்ற. எவ்வளவு அசிங்கமா இருந்துது தெரியுமா. எங்க ஊரும் இல்லாம, அவங்க ஊரும் இல்லாம, அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி. சார் நாகர்கோவிலான்னு அந்தம்மா பிரியமாக் கேட்டாங்க, அவங்க மாமியார் வீடு அந்தப் பக்கம்தானாம். இல்லீங்க. பின்னாடி நின்னவன் சிரிச்சான். நான் ஹெட்போனைக் கழட்டி டேபிள்ல வச்சுட்டு, மைக் இல்லாம பாட்டுக்குன்னே ஒண்ணு வருமே, ஸ்டூடியோவுல போட்டுக்குவாங்களே, அதை எடுங்கன்னேன்.

இதுல பொய் ஒண்ணும் இல்ல. யாரை வேணாலும் கேளுங்க, ஒரே விலைக்கு ரெண்டு வாங்கினா, மைக் இல்லாததுலதான் சவுண்டு நல்லாருக்கும். மைக்குக்கும் லைட்டுக்கும் போற செலவு எல்லாம் இதுல சவுண்டுக்குப் போகுது. இது ஊரறிஞ்ச விஷயம். அவளே கேமுக்கும் பாட்டுக்கும்னுதானே சொன்னா. மாட்டிப் பாத்தேன். வெளிச்சத்தம் மொத்தமா அடைஞ்சு போச்சு, டெம்பர் கிளாஸ்காரன் வாயை மட்டும் அசைக்கிறான். பழைய பாட்டு ஒண்ணு போட்டாங்க. வயலின்ல வில் திரும்பற இடம் தெரியுது, தபேலாவுல விரல் படறது தெரியுது. இத்தனை வருஷம் கேட்ட பாட்டுதான், அதுல பின்னாடி ஒருத்தர் சின்னதா ஜால்ரா தட்டறாருன்னு இன்னைக்குத்தான் தெரியுது. இதை விட நல்லதா என்ன வேணும். நான் அவளுக்கு நல்லதைத்தானே வாங்கறேன். கேம்னா பேசணுமே சார்னு அந்தம்மா சொன்னாங்க, சட்டையில குத்திக்கற மைக் தனியா இருக்கு, நூறு இருநூறுதான், எடுத்துக்கோங்க. அப்புறம் பாத்துக்கலாம்ங்க. இல்ல சார், சேத்தே எடுத்துட்டீங்கன்னா. அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றேன்ல. கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல, சார்ஜர்காரன் திரும்பிப் பாத்தான்.

சிந்தாதிரிப்பேட்டைல ரயில் ஏறி ஜன்னல் பக்கம் உக்காந்து, அவகிட்ட என்ன சொல்லணுமோ அதை மனசுக்குள்ள வரிசையா அடுக்கிக்கிட்டே வந்தேன். மைக் இருக்கற மாடல்ல பாஸ் ஜாஸ்தி. லெவின் சொன்னதையும் பாத்தேன், பரவாயில்ல, ஆனா உன் காதுக்கு இதுதான் செட் ஆகும். மைக் ஒண்ணு தனியா நல்லதா பாத்துச் சொல்றேன், அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. எவ்வளவு நாளைக்குப் பாப்பேன். நான் மிக்ஸியே மூணு மாசம் பாத்தவன். மடியில அட்டைப் பெட்டி இருக்கு. கொஞ்சம் குற்ற உணர்ச்சி வரும்னு எதிர்பாத்தேன், வரல. ஜெயிச்ச மாதிரிதான் இருந்துது. வேளச்சேரி வரதுக்குள்ள அந்தப் பெட்டி மேல எனக்குப் பாசமே வந்துடுச்சு.

கதவைத் திறந்ததும் பெட்டியைப் பிடுங்கிக்கிட்டு ரூமுக்கு ஓடினா. பின்னாடியே போனேன். எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்து, மைக் எங்கப்பான்னா. அடுக்கி வச்சதை எல்லாம் சொன்னேன். அவ முகத்துல ஒரு சின்ன ஏமாத்தம் வந்துது, வந்த சுவடு தெரியாமப் போயிடுச்சு. சரிப்பா, நீ பாத்து எடுத்தா நல்லாத்தான் இருக்கும்னா. அதைக் கேட்டப்ப எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துது, ஆனாலும் பிளாஸ்டிக் சேரை இழுத்து அவ பக்கத்துல போட்டுக்கிட்டேன். டீம் வந்துடுச்சு, கேம் ஆரம்பிச்சுது. அவ ஹெட்போனை மாட்டி, முடியை ஒதுக்கி விட்டுக்கிட்டா. நான் காத்துக்கிட்டிருக்கேன். இவன் எங்க போறான் பாரேன்னு சொல்லுவா. சொல்லல. மலை மேல ஓடறா, ஆறு தாண்டறா, ஒருத்தனைச் சுட்டுட்டா, ஒண்ணும் சொல்லல. என்ன சுகி, எதிர்ல ஆள் இருக்கானான்னு கேட்டேன். திரும்பல. மறுபடியும் கேட்டேன். அவ தலையை லேசாச் சாய்ச்சு வச்சுக்கிட்டு, உதட்டுல ஒரு சிரிப்போட, எதையோ கேட்டுக்கிட்டே இருக்கா. கேம்ல அவ பொம்மை ஒரு மரத்தடியில சும்மா நிக்குது. அப்புறம், காது அடைஞ்சவங்க பேசற மாதிரி, கீழ் வீட்டுக்குக் கேக்கற அளவுக்குச் சத்தமா, ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே சொன்னா.

"ஏம்ப்பா, நீ வாங்கினது செம்மப்பா. லெவினுக்கு இவ்ளோ நல்ல குரல்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியவே தெரியாதுப்பா."

அப்படியான்னேன். அவளுக்குக் கேக்கல.